தனியாக வராத சொற்கள்

அவர் பேனாவால் அடிக்க மாட்டார். பென்சிலால்தான் அடிப்பார். வேண்டுமானால் ரப்பர் வைத்து அழித்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுப்பது போன்ற மெல்லிய கோடு. அந்தக் கோட்டை அழிக்கத் துணிந்தவர் எங்கள் அலுவலகத்தில் எவரும் இல்லை.

திருவனந்தபுரத்தில், அரசுத் துறை ஒன்றின் தலைமை அலுவலகத்தில் நாங்கள் இருவரும் பணியாற்றினோம். என் பிரிவில் உருவாகும் ஆங்கில வரைவுகள் அவருடைய மேசையைக் கடந்துதான் மேலே போக வேண்டும். வயதில் என்னைவிட இளையவர். பதவியில் ஒரு படி மேல். அவர் படித்தது கணிதம். நான் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன். நல்ல ஆங்கிலம் எழுதுகிறவன் என்று துறை முழுவதும் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் கவனமாகப் பேணியும் வந்தேன்.

அவர் என் வரைவில் முதலில் அடித்தது ‘இன்க்ளிமெண்ட் வெதர்’ என்ற தொடரை. மழை காரணமாகக் கூட்டம் ஒன்று தள்ளிவைக்கப்பட்டதை அறிவிக்கும் கடிதம் அது. மோசமான வானிலையைச் சொல்ல அரசாங்க ஆங்கிலத்தில் காலங்காலமாக இருந்துவரும் தொடர். கோப்பு திரும்பி வந்தபோது அதன்மேல் பென்சில் கோடு. ஓரத்தில் ‘ரெய்ன்’ என்ற ஒரே சொல். கோப்பை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனேன்.

“மேடம், இதில் என்ன பிழை?”

“பிழை ஒண்ணும் இல்லை சார். ரொம்ப சரியாக்கும். இருக்கட்டும், இந்த இன்க்ளிமெண்ட்டை வெதர் பக்கத்துல இல்லாம வேற எங்கயாவது கண்டிருக்கேளா?”

யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

“வராது. தனியா வெளியில இறங்காத சொல் அது. கூட ஆள் இருந்தாத்தான் வரும். அந்த மாதிரி ஒண்ணு வந்து விழுந்தா, எழுதறவா அந்த எடத்துல யோசிக்கலைன்னு அர்த்தம். கை தானா எழுதிண்டு போயிருக்கு. பெஞ்சது மழைதானே? மழைன்னு எழுதினா மழை கோவிச்சுக்குமா?”

கோப்போடு திரும்பி வந்தேன். அன்று தொடங்கி, நான் ஓய்வு பெறும் வரையில், ‘பை டிண்ட் ஆஃப்’, ‘ஹியூ அண்ட் க்ரை’, ‘டு அண்ட் ஃப்ரோ’, ‘கித் அண்ட் கின்’ என்று என் வாக்கியங்களின் நகைகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன. உற்றார் உறவினர் என்னும் பொருளில் நான் எழுதிய ‘கித் அண்ட் கின்’ அடிபட்டு, வெறும் ‘ரிலேட்டிவ்ஸ்’ ஆனது. மேலதிகாரிகளிடம் போன என் கடிதங்கள் மொட்டையாகப் போயின. ஆயினும் அவற்றைப் படித்துவிட்டு ‘இதற்கு என்ன பொருள்?’ என்று எவரும் திருப்பி அனுப்பியதில்லை என்பதையும் நான் பதிவு செய்ய வேண்டும்.

அந்தச் சொற்களை அவர் வெறுத்தார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையல்ல. மற்ற அதிகாரிகள் சாமி படம் வைத்திருக்கும் இடத்தில் அவர் தலையணை பருமனுக்கு ஓர் அகராதி வைத்திருந்தார். ஒரு தொடரை அடிப்பதற்குமுன் அதில் தனித்து நிற்க மாட்டாத சொல் எதுவோ அதை அகராதியில் தேடி, அது முன்பு எங்கே இருந்தது, என்ன பொருளில் இருந்தது என்றெல்லாம் படிப்பார். அதன் பிறகே பென்சிலை எடுப்பார். ஏன் இவ்வளவு சிரமம் என்று ஒருமுறை கேட்டேன்.

“யாருன்னு தெரியாத ஆளை வெளியில அனுப்பப்படாது சார். பாவமில்லையா? ஒரு காலத்துல ஊரெல்லாம் சுத்தி வந்த சொல்லாக்கும் இதெல்லாம். இப்ப ஒரே வீட்டுல அடைஞ்சு கெடக்கு.”

நான் விடவில்லை. தமிழிலும் இப்படி உண்டே, அக்கம் பக்கம் என்கிறோம், சொத்து பத்து என்கிறோம், அவற்றையும் அடித்துவிடுவீர்களா என்று கேட்டேன்.

“பக்கம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அக்கம் எங்க இருக்கு? சொல்லுங்கோ, ஆட்டோ பிடிச்சு போய்ப் பாத்துண்டு வரலாம்.”

பிரிவு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வீட்டில் தனியாக இருக்கும்போது சிரித்தேன்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. வலியசாலை அக்கிரகாரத்தை அடுத்த சந்து ஒன்றில், தந்தையார் விட்டுச்சென்ற ஓட்டு வீட்டில் தனியாக வாழ்ந்தார். ஒரே தம்பி, சென்னையில் வங்கி வேலை. ஒரு திருமணப் பந்தியில் நான் அவருக்கு எதிர் வரிசையில் அமர்ந்திருந்தபோது, உறவுக்கார அம்மாள் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி, “ஏண்டி, கல்யாணம் கார்த்திகைன்னு ஒண்ணும் இல்லாம இப்படியே இருந்துடப் போறியா?” என்று கேட்டார். இவர் ரசத்தை இலையில் தேக்கியபடி நிதானமாகச் சொன்னார்: “கார்த்திகை வருஷா வருஷம் வந்துண்டுதான் இருக்கு மாமி. நான் வெளக்கும் ஏத்தறேன்.” அந்த அம்மாள் பாயசம் வருகிறதா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே போகிறேன். வேடிக்கை அல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பணியிலிருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால் அவருடைய குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடுப்பது உண்டு. ‘டையிங் இன் ஹார்னஸ்’ என்பது அதற்கு வழங்கிய பெயர். சேணம் பூட்டிய நிலையிலேயே உயிர் விடுவது என்று பொருள். இறந்துபோன எழுத்தர் ஒருவரின் மனைவி அப்படி எங்கள் அலுவலகத்தில் வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்தே அவரைக் குறிப்பிட வேண்டுமானால், “அந்த டையிங் ஹார்னஸ் கிட்ட கொடு”, “டையிங் ஹார்னஸ் இன்னைக்கு லீவு” என்றே பேசினார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பழக்கம். அந்தப் பெண்ணும் குனிந்த தலை நிமிராமல் அந்தப் பெயருக்கு எழுந்து வரப் பழகிக்கொண்டார்.

ஒருநாள் உணவு இடைவேளையில் மேடம் அந்தப் பக்கம் வந்தார். யாரோ அந்தத் தொடரைச் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்தது. நின்றார்.

“அவர் இங்க வேலை பாத்தார், செத்துப் போனார். அது ஒரு வாக்கியம். இவா இங்க வேலை பாக்கறா. அது வேற வாக்கியம். ரெண்டுக்கும் நடுவுல முற்றுப்புள்ளி இருக்கு. அதை யாரும் எடுக்கப்படாது.”

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அதற்குப் பின் அந்தத் தொடர் எங்கள் தளத்தில் கேட்கவில்லை. என் நினைவில் அவருடைய உருவம் என்றால் அதுதான்: ஒரு கையில் டிபன் டப்பா, மறு கை, கண்ணுக்குத் தெரியாத ஒரு முற்றுப்புள்ளியைக் காற்றில் வைக்கிறது.

நான் ஓய்வு பெற்றுக் கரமனையில் இருந்தேன். சில ஆண்டுகளில் அவரும் ஓய்வு பெற்றார். சாலைக் கடைத்தெருவில் எப்போதாவது பார்த்தால் வணக்கம் சொல்வோம். பின்னர் ஒரு கோடைக்காலத்தில், அவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை தளர்ந்துவிட்டதாகவும், பேச்சு அடியோடு போய்விட்டதாகவும் கேள்விப்பட்டேன்.

உடனே போகவில்லை. என் மனைவி காலமான பிறகு, தனியாக வாழும் ஒரு பெண்மணியின் வீட்டுப் படியேறுவதற்கு நான் ஆயிரம் தடவை யோசிப்பவன். ஊர் எப்படிப் பேசும் என்பது எனக்குத் தெரியும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகுதான், ஒரு மாலை, குடையோடு போனேன். வீட்டு வேலைக்கு இருந்த சரோஜா கதவைத் திறந்தாள். மார்த்தாண்டத்துக்காரி.

“வாங்க சார். அம்மைக்குச் சொன்னா எல்லாம் மனசிலாவும். வாய்தான் வர மாட்டங்கு. தண்ணி வேணும்னாலும் கையத்தான் காட்டுதாவ. எனக்கு ஒண்ணும் பிடி கிட்டல.”

கூடத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இடக்கையைத் தூக்கினார். கண்களில் பழைய கூர்மை அப்படியே இருந்தது. வாய் திறந்து, எதையோ தேடி, வெறுமையாக மூடிக்கொண்டது. பதில் சொல்ல முடியாத ஒருவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அலுவலக ஆங்கிலத்தில் தஞ்சம் புகுந்தேன். முன்பே வர இயலாமற்போனதற்குக் காரணம் சொல்லும் பாவனையில், “ஓயிங் டு த இன்க்ளிமெண்ட்…” என்று தொடங்கி, சொட்டும் குடையை எங்கே வைப்பது என்று ஒரு நொடி தயங்கினேன்.

“வெதர்” என்றார் அவர்.

தெளிவாக, திருத்தமாக. சரோஜாவின் கையிலிருந்த தட்டம் கீழே விழுந்தது. அவருக்கே அது திகைப்பாக இருந்தது என்பதை முகத்தில் கண்டேன். பிறகு அந்த முகம் மெல்ல மெல்லச் சிரிப்பாக விரிந்தது. இடக்கையின் சுட்டுவிரலை உயர்த்தி, காற்றில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

“சாரே! அம்ம சொன்னாவல்லா! என்னதுன்னாவ?”

“வெதர். வானிலை.”

“பேச்சு வந்ததும் வானிலையா சொல்லணும்? ரேடியோவா?” என்றாள் சரோஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஓர் இளம் மலையாளிப் பெண் வந்துகொண்டிருந்தாள். கழக்கூட்டத்து விடுதி ஒன்றில் தங்கி, மருத்துவமனை வேலை முடிந்து இங்கே வருபவள். நடந்ததைக் கேட்டதும் அவளுக்கு ஒரே உற்சாகம். தனிச் சொல் ஒன்றை மூளை தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வழிதான் அடைபட்டிருக்கிறது. ஆனால் சேர்ந்தே சொல்லிப் பழகியவை, ஞாயிறு திங்கள் போல, பாட்டு போல, வேறொரு வழியில் தானாக வந்துவிடும் என்று விளக்கினாள்.

“சாரே, முழுவனும் பறயண்டா. பாதி பறஞ்ஞிட்டு நிறுத்திக்கோ. பாக்கி மேடம் பறயும். சாரின்றெ கையில் இங்ஙனத்தெ வேறெயும் உண்டோ?”

முழுவதையும் சொல்ல வேண்டாம், பாதியில் நிறுத்துங்கள், மீதியை மேடம் சொல்வார். உங்களிடம் இப்படிப்பட்டவை வேறு உண்டா என்று கேட்கிறாள். என்னிடம் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை என்று சொன்னேன். அவர் என்னிடமிருந்து அடித்தவை ஒன்றுவிடாமல் எனக்கு நினைவிருந்தன.

இப்படியாக, தினமும் மாலையில் வலியசாலைக்குப் போகலானேன். வாசற்கதவு திறந்தே இருக்க வேண்டும், சரோஜா கூடத்திலேயே இருக்க வேண்டும் என்று இரண்டு விதிகள் வைத்தேன். அப்படியும் கோயில் வாசலில் பழைய நண்பர் ஒருவர், “சாரு இந்த வயசுல ட்யூஷன் எடுக்காராமே?” என்று இழுத்தார். “ஆமாம். உமக்கும் தேவையானால் வாரும். அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறேன்” என்றேன்.

நான் “ஹியூ அண்ட்” என்று நிறுத்துவேன். “க்ரை” என்பார். “பெக் அண்ட்” என்பேன். “கால்” என்பார். ஒவ்வொன்றும் வந்து விழுந்தவுடன் காற்றில் ஒரு கோடு. அது என்ன என்று பயிற்சிப் பெண் கேட்டாள். சொன்னேன். அவள் கைகொட்டிச் சிரித்துவிட்டு, இனி அந்தக் கோட்டை இடக்கையால் போடக் கூடாது, வலக்கையால்தான் போட வேண்டும் என்று உத்தரவிட்டாள். தளர்ந்த கையை அங்குலம் அங்குலமாகத் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, என் ‘ஹியூ அண்ட் க்ரை’யை அடிப்பார். இத்தனை பாடுபட்டு என் ஆங்கிலத்தை எவரும் திருத்தியதில்லை.

‘டு அண்ட் ஃப்ரோ’ என்றால் இங்குமங்கும் என்பதைச் சரோஜா பிடித்துக்கொண்டாள். அவர் அதைச் சொன்னால் நடக்க விரும்புகிறார் என்று பொருள். “அம்மைக்கு டுவன்ஃப்ரோ வேணுமாம்” என்று கூவிக்கொண்டே கைத்தடியை எடுத்து வருவாள்.

ஆனால் தண்ணீர் வேண்டும்போது தண்ணீர் என்ற சொல் வரவில்லை. ‘கித் அண்ட் கின்’ வரும். தலை வலித்தாலும் அதுவே வரும். வாழ்நாள் முழுவதும் அவர் வெளியே அனுப்பிய தொடர்களெல்லாம் திரும்பி வந்து வீட்டை நிறைத்துக்கொண்டன; அவர் போற்றி வைத்துக்கொண்ட எளிய சொற்கள் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. அதை அவர் நன்றாக உணர்ந்திருந்தார். சில மாலைகளில் ஒரு தொடர் தானாக வாயில் வந்ததும், என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு மாலை, உழைப்பின் பயனாக, முயற்சியின் பயனாக என்று எழுதும் இடங்களில் நான் விடாமல் எழுதிவந்த ‘பை டிண்ட் ஆஃப்’ என்பதற்கு வந்தோம். “பை” என்று சொல்லி நிறுத்தினேன். “டிண்ட்” என்றார். ‘ஆஃப்’ வரவில்லை. காத்திருந்தேன். அவர் இடக்கையைத் தூக்கித் தம் தலையின் இடப்பக்கத்தில் வைத்து, என்னை நேராகப் பார்த்து, “டிண்ட்” என்று மறுபடி சொன்னார்.

வீட்டுக்குப் போய் அகராதியைத் திறந்தேன். டிண்ட் என்றால் அடி. ஓங்கி விழும் அடி. பழைய காலத்தில் வாள்வீச்சுக்குச் சொன்ன சொல். தமக்கு என்ன நேர்ந்தது என்பதை, நேர்ந்த பிறகு முதன்முறையாக, அவர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்.

ஆனி மாதக் கடைசியில் சென்னையிலிருந்து தம்பி வந்தார். நல்ல மனிதர். அக்காவைத் தம்மோடு அழைத்துப் போய் வைத்துக்கொள்வது, இந்த வீட்டைப் பூட்டிவிடுவது என்று தீர்மானித்து வந்திருந்தார். அதைக் கேட்டதும் அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். எவ்வளவோ சொல்ல முயன்றார். வந்தவை எல்லாம் உதவாத தொடர்கள். தம்பி என் பக்கம் திரும்பாமலே அவரிடம் கேட்டார்: “அக்கா, சார் தெனம் வராராமே. உனக்கு இது சம்மதமா? இவர் நமக்கு என்ன வேணும்?”

எழுந்துவிடலாம் என்று குடையை எடுத்தேன். அப்போது அவர் சொன்னார்.

“கித்.”

“என்னது?”

மறுபாதி வருமென்று நானும் எதிர்பார்த்தேன். வரவில்லை. வேண்டுமென்றே அங்கே நிறுத்திவிட்டு, விரலை என் பக்கம் நீட்டினார். பிறகு தம்பியின் பக்கம் நீட்டி, “கின்” என்றார். இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டிருந்தார்.

நான் விளக்க வேண்டியதாயிற்று. கின் என்றால் இரத்த உறவு. கித் என்பது அதுவல்ல. அறிந்தவர், பழகியவர், நம் ஊரைச் சேர்ந்தவர் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். இன்று எவரும் அதைத் தனியாகச் சொல்வதில்லை. உங்கள் அக்கா சொல்லியிருக்கிறார் என்றேன்.

தம்பி இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். “சந்தோஷம் சார். ஆனா வீட்டுல தீ பிடிச்சுண்டா, கித்துன்னு கத்தினா எந்த ஃபயர் இன்ஜின் வரும்? சரோஜா ராத்திரி ஆத்துக்குப் போயிடறா. அக்கா தனியா இருக்கணும்னா அவளா போன்ல பேசணும். நான் யாரு, எங்க இருக்கேன், என்ன வேணும். இந்த மூணையும் சொல்லிட்டாள்னா நான் ஏன் இழுத்துண்டு போறேன்?”

நியாயமான பேச்சு. அவருக்கும் அப்படியே பட்டிருக்க வேண்டும். தலையை ஒருமுறை அசைத்தார்.

உடனே அழைத்துப் போவதாகத்தான் இருந்தது. ஆனால் கர்க்கடகம் பிறக்க இரண்டொரு நாளே இருந்தது. அந்த மாதத்தில் வீடு மாற்றினால் ஆகாது என்று இந்த ஊரில் ஒரு நம்பிக்கை. தமிழ்க் கணக்கிலும் அது ஆடி. வங்கியில் கணினியோடு காலம் கழித்தவரானாலும் தம்பி அக்கிரகாரத்தில் பிறந்தவர். சிங்க மாதம், நம் ஆவணி, பிறக்கட்டும், முதல் வாரத்தில் வண்டி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு ஒரு மாதம் கிடைத்தது.

அந்த மாதம் முழுவதும் மழை. பயிற்சிப் பெண் முறையை மாற்றினாள். தொடரைச் சொல்லவைத்து, அதிலிருந்து ஒரு சொல்லைப் பிரித்தெடுத்து, அதைப் பொருளின்மேல் கொண்டுபோய் வைப்பது. ‘வெதர்’ என்று வந்ததும் சன்னலைக் காட்டுவாள். சன்னலில் வெதர். வெளியே என்ன? அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை; மூன்றாம் வாரத்தில் ஒருநாள் கொடியில் கிடந்த துணியை அள்ளிக்கொண்டு சரோஜா ஓடிவந்தபோது, “மழை” என்றார். எனக்கு அந்தப் பழைய கோப்பு நினைவுக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு கஞ்சி வந்தது. தடி வந்தது. சரோஜாவின் பெயர் வந்தது. அன்று அவள் அந்தச் சந்து முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

தொலைபேசி மட்டும் வசப்படவில்லை. நான் கரமனைக்குத் திரும்பி, என் வீட்டிலிருந்து கூப்பிடுவேன். எடுப்பார். மூச்சு கேட்கும். “நான்தான் மேடம். சொல்லுங்கள்” என்பேன். மூச்சு மட்டுமே கேட்கும். ஆளைப் பார்த்தால், உதட்டைப் பார்த்தால் வருகிற சொல், கருவியைக் காதில் வைத்ததும் அஞ்சி ஒளிந்துகொண்டது. கர்க்கடகத்தின் கடைசி நாள் வரையில் இதே நிலை.

மாதம் முடிந்ததும் தம்பி கூப்பிட்டார். நான் அங்கே இருந்தேன்.

“சார், அக்கா பேசறாளா?”

“வீட்டில் நிறையச் சொற்கள் பேசுகிறார்.”

“போன்ல?”

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. “இல்லை” என்றேன். அதன்பின் அவர் பேசிக்கொண்டே போனதில் ஒன்றும் என் மனத்தில் பதியவில்லை. தம்பானூரில் ஒரு வண்டிக்காரரிடம் சொல்லியிருப்பதாகவும், அந்த ஆள் நேரே இந்த வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசுவார் என்பதாகவும் மட்டும் புரிந்தது. ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் என் ‘இல்லை’யைக் கேட்டிருந்தார். கோபம் இல்லை. வரைவில் ஒரு சொல் சரியாக இருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

வண்டி வருவதற்கு முந்தைய நாள் மாலை. என் விதியை மறந்து சரோஜா பால் வாங்கப் போயிருந்தாள். அலமாரிப் பாத்திரங்களைப் பாதி அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். தொலைபேசி அடித்தது. எடுப்பதற்கு எழுந்தேன். அவர் வலக்கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். தடியை ஊன்றிப் போய், ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

மறுமுனைக் குரல் கூடம் முழுவதும் கேட்டது. “ஹலோ, மேடம்! நாளெ ராவிலெ வண்டி வரும். சாமான் ஒக்கெ எடுத்து வெச்சோ?” நாளைக் காலை வண்டி வரும், சாமான் எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா என்று கேட்கிறான்.

பதில் இல்லை. மூச்சு. “ஹலோ? ஹலோ?” என்றது குரல். பாதியை எடுத்துக்கொடுக்கலாம் என்று மனம் பரபரத்தது. ஆனால் இந்த இடத்துக்கு எடுத்துக்கொடுக்க என்னிடம் ஒரு தொடரும் இல்லை. ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை.

“வண்டி…” என்றார்.

“அதே மேடம், வண்டி. ஒம்பதரெக்கு.”

“வேண்டா.”

“வேண்டே? சாரு புக் செய்ததல்லே?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. “வீடு… என்றெ” என்றார். என்னுடைய வீடு என்று அவனுடைய மொழியில் சொல்கிறார்.

“ஓ. அப்போ வண்டி வேண்டா?”

“வேண்டா.”

“செரி மேடம்” என்றான் அவன், வெகு சாதாரணமாக. வைத்துவிட்டான். இந்தக் கூடத்தில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு வீட்டுக்காரி வேண்டாம் என்றாள்; சரி என்றான். அவ்வளவே.

நாங்கள் இருவரும் உட்காரவில்லை. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் மீண்டும் அடித்தது. இம்முறை என்னை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். தம்பி.

“சார், வண்டிக்காரன் கூப்ட்டான். வீட்டுல வேண்டாம்னுட்டாங்கறான். யார் சார் பேசினது? சரோஜாவா? இல்லை நீங்க சொல்லச் சொன்னேளா?”

“நான் சொல்லச் சொல்லவில்லை. யார் பேசியது என்று நீங்களே கேளுங்கள்” என்று ரிசீவரை அவரிடம் கொடுத்தேன்.

“ஹலோ?” என்றார் தம்பி. “யாரு?”

அவர் தம் பெயரைச் சொன்னார். தந்தையாரின் முதலெழுத்தோடு, கோப்புகளில் கையெழுத்திடும்போது இருந்த அதே வரிசையில், அவசரப்படாமல். தம்பி கேட்ட மூன்றில் மீதியிருந்தது அது ஒன்றுதான்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

“சரிக்கா” என்றார் தம்பி.